பிணையச் சுவிட்சுகளில் பயனர் வரையறுக்கும் பொதிப்பொருத்த விதிகள்: அணுகல் கட்டுப்பாட்டில் அமைப்பும் வரம்புகளும்

ஆய்வுச்சுருக்கம்

கணினிப் பிணையங்களில் எந்தத் தரவுப் பொதி செல்லலாம், எது தடுக்கப்பட வேண்டும் என்பதை அணுகல் கட்டுப்பாட்டுப் பட்டியல்கள் தீர்மானிக்கின்றன. முகவரி, நெறிமுறை, துறை எண் ஆகிய வழக்கமான புலங்களைக் கொண்டு எழுதப்படும் விதிகள் பெரும்பாலான தேவைகளை நிறைவு செய்கின்றன. அப்புலங்களுக்குள் அடங்காத தேவைகளுக்குப் பொதியின் குறிப்பிட்ட பைட்டுகளை நேரடியாக ஒப்பிடும் பயனர் வரையறை விதிகள் பயன்படுகின்றன. இவ்விதிகளின் இயங்குமுறையையும் அவற்றை அமைக்கும் படிநிலைகளையும் இக்கட்டுரை மூன்று எடுத்துக்காட்டுகளின் வழி விளக்குகின்றது. பைட்டுகளை ஒப்பிடுதல் என்பது பொதியின் பொருளை அறிதல் ஆகாது என்பதும், அவ்விடைவெளியை நிரப்பும் பொறுப்பு விதியை எழுதுபவரையே சாரும் என்பதும் இக்கட்டுரையின் முடிபுகளாகும்.

திறவுச்சொற்கள்: பிணையச் சுவிட்ச், அணுகல் கட்டுப்பாட்டுப் பட்டியல், இடப்பெயர்ச்சி, மறைமூடி, ஏஆர்பி ஏமாற்று, மும்மை நினைவகம்.

1. முன்னுரை

ஒரு கல்லூரி விடுதியிலோ அலுவலகத்திலோ நூற்றுக்கணக்கான கணினிகள் ஒரே உள்ளகப் பிணையத்தில் இணைந்திருக்கும்போது, அவற்றுள் ஒன்று தன்னைப் பிணையத்தின் நுழைவாயிலாகக் காட்டிக்கொண்டால் ஏனைய கணினிகளின் தரவு அதன் வழியே செல்லத் தொடங்கும். இத்தாக்குதலுக்குப் பயன்படும் ஏஆர்பி பொதி, ஐபி முகவரியைத் தன் உடற்பகுதியில் ஒரு புலமாகச் சுமந்து செல்கின்றதே அன்றி, ஐபி தலைப்பைக் கொண்டிருப்பதில்லை. ஆகவே, ஐபி முகவரிகளை ஒப்பிடும் வழக்கமான பட்டியல் அதனைக் காண்பதில்லை. மேக் முகவரிகளை ஒப்பிடும் பட்டியலோ, அது ஏஆர்பி வகையைச் சார்ந்தது என்பதை மட்டும் அறியுமேயன்றி, அதற்குள் எந்த முகவரி உரிமை கோரப்படுகின்றது என்பதை அறியாது. இத்தகைய இடத்திலேயே பயனர் வரையறை விதியின் தேவை எழுகின்றது.

ஹெச்3சி, ஹுவாவே ஆகிய நிறுவனங்களின் சுவிட்சுகளில் பட்டியல்கள் எண்களால் வகைப்படுத்தப்பட்டுள்ளன. 2000 முதல் 2999 வரை அடிப்படைப் பட்டியல்களுக்கும், 3000 முதல் 3999 வரை விரிநிலைப் பட்டியல்களுக்கும், 4000 முதல் 4999 வரை இரண்டாம் அடுக்குப் பட்டியல்களுக்கும், 5000 முதல் 5999 வரை பயனர் வரையறைப் பட்டியல்களுக்கும் உரியவை. பிற உற்பத்தியாளர்கள் இதே வசதியை வேறு பெயர்களில் வழங்குகின்றனர். கட்டளைச் சொற்கள் வேறுபட்டாலும் அடிப்படைக் கருத்து ஒன்றே.

2. கருத்தின் வரலாற்றுப் பின்புலம்

பொதியின் குறிப்பிட்ட இடத்திலுள்ள மதிப்பை ஒப்பிட்டு முடிவெடுக்கும் முறை சுவிட்சுகளில் தோன்றியதன்று. 1987ஆம் ஆண்டில் ஜெஃப்ரி மொகுல், ரிச்சர்ட் ரஷீத், மைக்கேல் அக்செட்டா ஆகியோர் வெளியிட்ட ஆய்வு, இயக்குதளத்தின் கருவகத்தில் பொதிகளைப் பிரிக்கும் பொதுவான வடிகட்டியொன்றை விவரித்தது. 1993இல் ஸ்டீவன் மெக்கேன், வான் ஜேக்கப்சன் ஆகியோர் வெளியிட்ட பிஎஸ்டி பொதி வடிகட்டி அக்கருத்தை அக்காலக் கணினிகளின் கட்டமைப்புக்கு ஏற்ப மறுவடிவமைத்தது. லினக்ஸ் இயக்குதளத்தில் உள்ள யு32 என்னும் பொருத்தியும் இம்மரபைச் சார்ந்தது. 2014இல் முன்வைக்கப்பட்ட பி4 மொழி, பொதியை எவ்வாறு பகுத்தறிவது என்பதையே நிரலாக எழுதும் நிலைக்கு இதனை எடுத்துச் சென்றது. சுவிட்சின் பயனர் வரையறை விதி இவ்விரு நிலைகளுக்கும் இடைப்பட்டது. அதில் ஒப்பிடும் இடத்தைப் பயனர் தேர்ந்தெடுக்கலாம். பகுத்தறியும் முறையை மாற்ற இயலாது.

3. விதியின் மூன்று உறுப்புகள்

ஒவ்வொரு பொருத்த நிபந்தனையும் மூன்று உறுப்புகளால் ஆனது.

முதலாவது, மதிப்பு. இது பொதியில் எதிர்பார்க்கப்படும் பைட்டுகளின் தொடர். பதினாறடிமான எண்ணாக எழுதப்படும். இம்முறையில் 10 முதல் 15 வரையிலான இலக்கங்களை ஏ, பி, சி, டி, இ, எஃப் ஆகிய எழுத்துகள் குறிக்கின்றன.

இரண்டாவது, மறைமூடி. மதிப்பின் எந்தெந்தப் பிட்டுகள் ஒப்பிடப்பட வேண்டும் என்பதை இது சுட்டுகின்றது. மறைமூடியில் 1 உள்ள பிட் ஒப்பிடப்படும். 0 உள்ள பிட் பொருட்படுத்தப்படாது.

மூன்றாவது, இடப்பெயர்ச்சி. ஒப்பீடு தொடங்க வேண்டிய பைட், குறிப்பிட்ட தொடக்கப் புள்ளியிலிருந்து எத்தனை பைட்டுகள் தள்ளியுள்ளது என்பதை இது கூறுகின்றது. எண்ணிக்கை 0இலிருந்து தொடங்குகின்றது.

பொதியின் பைட்டுகளும் மறைமூடியும் பிட்வாரியாக ‘உம்’ செயலுக்கு உட்படுத்தப்பட்டு, கிடைக்கும் விடை மதிப்புடன் ஒத்திருந்தால் நிபந்தனை நிறைவேறியதாகக் கொள்ளப்படும். ஒரு விதியில் பல நிபந்தனைகள் இருப்பின் அவை அனைத்தும் நிறைவேற வேண்டும்.

இங்கு ஒரு குழப்பத்தைச் சுட்டுதல் தகும். ஐபி முகவரிகளுக்கான வழக்கமான பட்டியல்களில் பல தளங்கள் தலைகீழ் மறைமூடியைப் பயன்படுத்துகின்றன. அதில் 0 என்பது ‘ஒப்பிடு’ என்றும், 1 என்பது ‘விட்டுவிடு’ என்றும் பொருள்படும். பயனர் வரையறை விதியிலோ பொருள் நேர்மாறானது. ஒரே சுவிட்சில் இவ்விரு மரபுகளும் அருகருகே இருப்பதால், ஒன்றின் பழக்கத்தை மற்றொன்றிற்குக் கொண்டுசெல்லும் நிர்வாகி எல்லாப் பொதிகளுக்கும் பொருந்தும் விதியையோ எதற்கும் பொருந்தாத விதியையோ எழுதிவிடக்கூடும்.

4. இடப்பெயர்ச்சியைக் கணக்கிடுதல்

ஈதர்நெட் சட்டகத்தின் தொடக்கத்திலிருந்து எண்ணினால் பெறுநரின் மேக் முகவரி 0 முதல் 5 வரையிலும், அனுப்புநரின் மேக் முகவரி 6 முதல் 11 வரையிலும், வகைப் புலம் 12, 13 ஆகிய பைட்டுகளிலும் அமைகின்றன. உள்ளடக்கம் 14ஆம் இடத்தில் தொடங்குகின்றது. வகைப் புலத்தில் 0800 இருப்பின் அது ஐபி நான்காம் பதிப்பு. 0806 இருப்பின் ஏஆர்பி. 86டிடி இருப்பின் ஐபி ஆறாம் பதிப்பு.

இக்கணக்கு குறிச்சீட்டற்ற சட்டகத்திற்கு மட்டுமே உரியது. மெய்நிகர் உள்ளகப் பிணையத்தைக் குறிக்கும் 802.1க்யூ குறிச்சீட்டு 4 பைட்டுகள் நீளமுடையது. அது அனுப்புநர் முகவரிக்கும் வகைப் புலத்திற்கும் இடையே செருகப்படுகின்றது. அப்போது 12ஆம் இடத்தில் 8100 என்னும் மதிப்பு அமைய, உண்மையான வகைப் புலம் 16ஆம் இடத்திற்கு நகர்கின்றது. அதன் பின்னுள்ள ஒவ்வொரு புலமும் நான்கு பைட்டுகள் தள்ளிப் போகின்றது. இரட்டைக் குறிச்சீட்டு இருப்பின் எட்டுப் பைட்டுகள் தள்ளிப் போகும்.

கம்பியில் செல்லும் சட்டகத்தில் குறிச்சீட்டு இல்லாவிடினும், சில சுவிட்சுகள் பொதியை உள்ளே பெற்றவுடன் தம் பயன்பாட்டிற்காகக் குறிச்சீட்டைச் சேர்த்துவிட்டே விதிகளை ஒப்பிடுகின்றன. எனவே பிணையப் பகுப்பாய்வு மென்பொருளில் காணப்படும் இடப்பெயர்ச்சியும், சுவிட்சில் எழுத வேண்டிய இடப்பெயர்ச்சியும் ஒன்றாகவே இருக்கும் என்று கொள்ள இயலாது. அந்தந்த வன்பொருள் மாதிரியின் கையேட்டை ஒப்புநோக்குவதும், சோதித்துப் பார்ப்பதுமே தெளிவான வழிகள். ஈதர்நெட் தலைப்பு, ஐபி தலைப்பு, நான்காம் அடுக்குத் தலைப்பு ஆகியவற்றுள் ஒன்றைத் தொடக்கப் புள்ளியாகத் தேர்ந்தெடுக்கும் வசதியைச் சில தளங்கள் தருகின்றன. அவ்வசதி இருக்குமிடத்தில் குறிச்சீட்டால் எழும் சிக்கல் பெருமளவு குறைகின்றது.

5. எடுத்துக்காட்டு ஒன்று: நுழைவாயில் முகவரியைக் காத்தல்

ஏஆர்பி நெறிமுறை 1982ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 826 ஆவணத்தால் வரையறுக்கப்பட்டது. குறிச்சீட்டற்ற ஈதர்நெட் சட்டகத்தில் அதன் புலங்கள் பின்வருமாறு அமைகின்றன.

14–15: வன்பொருள் வகை
16–17: நெறிமுறை வகை
18: வன்பொருள் முகவரி நீளம்
19: நெறிமுறை முகவரி நீளம்
20–21: செயற்குறி, 1 எனில் வினா, 2 எனில் விடை
22–27: அனுப்புநரின் மேக் முகவரி
28–31: அனுப்புநரின் ஐபி முகவரி
32–37: இலக்கின் மேக் முகவரி
38–41: இலக்கின் ஐபி முகவரி

நுழைவாயிலின் முகவரி 198.51.100.1 எனக் கொள்வோம். இது ஆவண எடுத்துக்காட்டுகளுக்கென 2010ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 5737 ஒதுக்கிய தொகுதியைச் சார்ந்தது. பதினாறடிமானத்தில் இது சி6 33 64 01 ஆகும். பயனர் கணினி ஒன்று இம்முகவரியைத் தனதென அறிவிப்பதைத் தடுக்கும் விதி இரண்டு நிபந்தனைகளைக் கொண்டது.

நிபந்தனை 1: இடப்பெயர்ச்சி 12, மதிப்பு 0806, மறைமூடி எஃப்எஃப்எஃப்எஃப்.
நிபந்தனை 2: இடப்பெயர்ச்சி 28, மதிப்பு சி6336401, மறைமூடி எஃப்எஃப்எஃப்எஃப்எஃப்எஃப்எஃப்எஃப்.
செயல்: மறுப்பு.

முதல் நிபந்தனையை விட்டுவிட்டால் விதி பிழைபட்டுவிடும். ஐபி நான்காம் பதிப்புப் பொதியில் 28 முதல் 31 வரையிலான பைட்டுகள் அனுப்புநர் முகவரியின் பிற்பாதியையும் பெறுநர் முகவரியின் முற்பாதியையும் தாங்குகின்றன. அங்கே அதே நான்கு பைட்டுகள் தற்செயலாக அமையும் பொதியும் காரணமின்றித் தடுக்கப்படும். நெறிமுறையை முதலில் உறுதிசெய்து, பின்னர் புலத்தை ஒப்பிடுதல் என்பது இவ்வகை விதிகள் அனைத்திற்கும் பொதுவான ஒழுங்காகும்.

செயற்குறியை ஒப்பிட்டு விடைப் பொதிகளை மட்டும் தடுத்தால் போதுமே என்னும் எண்ணம் எழக்கூடும். அது போதாது. ஆர்எஃப்சி 826இன் செயல்முறைப்படி, பொதியைப் பெறும் கணினி அனுப்புநரின் முகவரி இணையைத் தன் அட்டவணையில் புதுப்பித்த பின்னரே செயற்குறியைப் பார்க்கின்றது. ஆகவே வினா வடிவிலான பொதியும் அட்டவணையை நஞ்சாக்க வல்லது. மேற்கண்ட விதி செயற்குறியைப் பொருட்படுத்தாமல் விட்டதன் காரணம் இதுவே.

இவ்விதியைப் பயனர் கணினிகள் இணைந்துள்ள முனைகளின் உள்வரும் திசையில் மட்டுமே பொருத்த வேண்டும். உண்மையான நுழைவாயிலை நோக்கிய முனையில் பொருத்தினால், நுழைவாயிலின் சொந்த ஏஆர்பி பொதிகளே தடுக்கப்படும். கணினிகளின் அட்டவணைப் பதிவுகள் காலாவதியாகும்வரை பிணையம் இயல்பாக இயங்குவதுபோல் தோன்றி, பின்னர் ஒவ்வொன்றாகத் தொடர்பு அறுபடும். விதி அமைத்த நேரத்திற்கும் பழுது வெளிப்படும் நேரத்திற்கும் இடையே உள்ள இவ்விடைவெளி காரணத்தைக் கண்டறிவதை மேலும் கடினமாக்குகின்றது.

இவ்விதி நுழைவாயிலின் முகவரியை மட்டுமே காக்கின்றது. பயனர்கள் ஒருவர் மற்றவரின் முகவரியைக் கவர்வதைத் தடுப்பதில்லை. டிஹெச்சிபி வழி வழங்கப்பட்ட முகவரிகளின் பதிவேட்டோடு ஒவ்வொரு ஏஆர்பி பொதியையும் ஒப்பிடும் ஏஆர்பி ஆய்வு வசதி சுவிட்சில் இருப்பின் அதுவே முழுமையான தீர்வாகும். அவ்வசதியற்ற பழைய கருவிகளில் பயனர் வரையறை விதி பயனுள்ள மாற்றாக அமைகின்றது.

6. எடுத்துக்காட்டு இரண்டு: மாறும் நீளமுடைய தலைப்பு

ஏஆர்பியின் புலங்கள் நிலையான இடங்களில் உள்ளன. ஐபி நான்காம் பதிப்பில் நிலைமை வேறு. அதன் தலைப்பு 20 முதல் 60 பைட்டுகள் வரை நீளக்கூடியது. ஒரு முனையிலிருந்து புதிய டிசிபி இணைப்புகள் தொடங்கப்படுவதைத் தடுக்க விரும்பும் நிர்வாகி டிசிபி கொடிகளை ஒப்பிட வேண்டும். ஐபி தலைப்பு 20 பைட்டுகளாக இருக்கும்போது கொடிகள் 14, 20, 13 ஆகியவற்றின் கூடுதலான 47ஆம் இடத்தில் அமைகின்றன. அவ்விதியின் நிபந்தனைகள் வருமாறு.

இடப்பெயர்ச்சி 12, மதிப்பு 0800, மறைமூடி எஃப்எஃப்எஃப்எஃப்: ஐபி நான்காம் பதிப்பு.
இடப்பெயர்ச்சி 14, மதிப்பு 45, மறைமூடி எஃப்எஃப்: 20 பைட் தலைப்பு.
இடப்பெயர்ச்சி 20, மதிப்பு 0000, மறைமூடி 1எஃப்எஃப்எஃப்: முதல் துண்டு அல்லது துண்டாக்கப்படாத பொதி.
இடப்பெயர்ச்சி 23, மதிப்பு 06, மறைமூடி எஃப்எஃப்: டிசிபி.
இடப்பெயர்ச்சி 47, மதிப்பு 02, மறைமூடி 12: ஒத்திசைவுக் கொடி உண்டு, ஒப்புகைக் கொடி இல்லை.

இறுதி நிபந்தனையில் மறைமூடியின் பயன் தெளிவாகின்றது. ஒத்திசைவுக் கொடியின் மதிப்பு 02. ஒப்புகைக் கொடியின் மதிப்பு 10. மறைமூடி 12 இவ்விரண்டையும் தேர்ந்தெடுக்க, மதிப்பு 02 முதலாவது இருக்க வேண்டும், இரண்டாவது இருக்கக்கூடாது எனக் கூறுகின்றது. பிற கொடிகள் எவ்வாறிருப்பினும் விதி பொருந்தும்.

இவ்விதியில் இரண்டு ஓட்டைகள் எஞ்சுகின்றன. ஐபி விருப்பப் புலங்கள் சேர்க்கப்பட்ட பொதியில் 14ஆம் பைட் 45 ஆக இராது. எனவே அது விதியைத் தாண்டிச் சென்றுவிடும். மேற்கண்ட மறுப்பு விதிக்குப் பின், 14ஆம் பைட் 45 ஆக உள்ள ஐபி பொதிகளை அனுமதிக்கும் விதியையும், அதன் பின் ஏனைய ஐபி பொதிகளை மறுக்கும் விதியையும் வரிசையாக அமைத்தால் இவ்வழி அடைபடும்.

இரண்டாவது ஓட்டை துண்டாக்கலால் எழுவது. முதல் துண்டில் டிசிபி தலைப்பின் 8 பைட்டுகளை மட்டும் வைத்து, கொடிகளை இரண்டாம் துண்டிற்குத் தள்ளிவிட முடியும். அப்போது முதல் துண்டின் 47ஆம் இடத்தில் இருப்பது வெறும் நிரப்பு பைட்டே. 1995ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 1858 இத்தாக்குதலை விவரித்து, துண்டு இடப்பெயர்ச்சி 1 ஆக உள்ள டிசிபி பொதிகளைத் தடுக்குமாறு பரிந்துரைத்தது. அதாவது 20ஆம் இடத்தில் மதிப்பு 0001, மறைமூடி 1எஃப்எஃப்எஃப். 23ஆம் இடத்தில் 06. இவ்விதி அனுமதி விதிக்கு முன்னரே இடம்பெற வேண்டும்.

7. எடுத்துக்காட்டு மூன்று: நிலையான இடப்பெயர்ச்சி தோற்குமிடம்

ஐபி ஆறாம் பதிப்பில் பயனர் கணினியொன்று தன்னைத் திசைவியாக அறிவித்துக்கொள்ள இயலும். அவ்வறிவிப்பு ஐசிஎம்பி ஆறாம் பதிப்பின் 134ஆம் வகைச் செய்தியாகும். தலைப்பு 40 பைட் நிலையான நீளமுடையது. ஆதலின் 12ஆம் இடத்தில் 86டிடி, 20ஆம் இடத்தில் அடுத்த தலைப்பைச் சுட்டும் 3ஏ, 54ஆம் இடத்தில் செய்தி வகையைச் சுட்டும் 86 ஆகிய மூன்றையும் ஒப்பிட்டால் அறிவிப்பைத் தடுக்கலாம் என்று தோன்றும்.

நேர்மையான கருவி தவறுதலாக அனுப்பும் அறிவிப்புகளை இவ்விதி தடுக்கும். திட்டமிட்ட தாக்குதலைத் தடுக்காது. அடிப்படைத் தலைப்பிற்கும் செய்திக்கும் இடையே நீட்சித் தலைப்பொன்றைச் செருகினால் 20ஆம் பைட்டின் மதிப்பு மாறுகின்றது. செய்தி வகையும் வேறிடத்திற்கு நகர்கின்றது. திசைவி அறிவிப்புக் காவல் என்னும் வசதியை 2011ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 6105 வரையறுத்த பின்னும், அதன் செயலாக்கங்கள் பல இதே வழியில் ஏமாற்றப்பட்டன. தலைப்புச் சங்கிலி முழுவதையும் பகுத்தறிய வேண்டும் என 2014இல் ஆர்எஃப்சி 7113 அறிவுறுத்தியதன் பின்னணி இது. சங்கிலியைத் தொடர்ந்து செல்லும் ஆற்றல் நிலையான இடப்பெயர்ச்சி விதிக்கு இல்லை.

8. வன்பொருள் அடிப்படையும் வரிசை ஒழுங்கும்

சுவிட்ச் இவ்விதிகளை மும்மை உள்ளடக்க முகவரி நினைவகத்தில் சேமிக்கின்றது. சாதாரண நினைவகத்தின் ஒவ்வொரு பிட்டும் 0 அல்லது 1 ஆக இருக்க, இந்நினைவகத்தில் ‘எதுவாயினும்’ என்னும் மூன்றாம் நிலையும் உண்டு. மதிப்பும் மறைமூடியும் இணைந்து இம்மூன்று நிலைகளாக நேரடியாக மாறுகின்றன. வரும் பொதி அனைத்துப் பதிவுகளோடும் ஒரே நேரத்தில் ஒப்பிடப்பட்டு, பொருந்தியவற்றுள் முன்னுரிமை மிக்கதன் செயல் நிறைவேற்றப்படுகின்றது. விதிகளின் எண்ணிக்கை மிகுந்தாலும் வேகம் குறையாமைக்கு இதுவே காரணம்.

இந்நினைவகம் விலையும் மின்நுகர்வும் மிக்கது. ஆகையால் அளவில் சிறியது. எண் எல்லைகளை அது நேரடியாக ஏற்பதில்லை. 1024 முதல் 65535 வரையிலான துறை எண்களைக் குறிக்க 6 பதிவுகளும், 1 முதல் 65534 வரை குறிக்க 30 பதிவுகளும் தேவைப்படுகின்றன. எல்லை ஒப்பீட்டிற்குத் தனி வன்பொருள் உள்ள சில்லுகளில் மட்டுமே இத்தேவை குறைகின்றது. பொதியின் தொடக்கப் பகுதியில் வரையறுக்கப்பட்ட சில சாளரங்களை மட்டுமே பயனர் விதிகள் காண இயலும் என்பதும் கருத்தில் கொள்ளத்தக்கது.

பொருந்திய முதல் விதியே செயற்படுவதால் வரிசை இன்றியமையாதது. எழுதிய வரிசையைப் பின்பற்றும் முறையும், குறுகிய நிபந்தனையுடைய விதியை முன்னிறுத்தும் தானியங்கு முறையும் வழக்கில் உள்ளன. எவ்விதிக்கும் பொருந்தாத பொதியைச் சிஸ்கோ தளங்கள் மறைமுகமாக மறுக்கின்றன. வேறு சில தளங்கள் அனுமதிக்கின்றன. ஒரு தளத்தில் சரியாக இயங்கிய பட்டியலை மற்றொன்றிற்கு மாற்றும்போது இவ்வேறுபாடு பிணையத்தை முழுதும் அடைக்கவோ முழுதும் திறக்கவோ கூடும்.

9. சோதனையும் ஆவணப்படுத்தலும்

விதியை அமைக்கும்போது மறுப்புச் செயலோடு தொடங்குதல் தக்கதன்று. அதே நிபந்தனைகளை அனுமதியும் எண்ணிக்கையும் கொண்ட விதியாக முதலில் அமைத்து, தடுக்க வேண்டிய பொதியை அனுப்பும்போது எண்ணிக்கை உயர்கின்றதா, இயல்பான பொதிகளுக்கு உயராமல் நிற்கின்றதா என்னும் இரண்டையும் நோக்க வேண்டும். முதலாவதை மட்டும் சோதித்து நிறுத்துவது, எல்லாப் பொதிக்கும் பொருந்தும் பிழையான விதியையும் சரியெனக் காட்டிவிடும். குறிச்சீட்டுடைய, குறிச்சீட்டற்ற முனைகள் இரண்டிலும் சோதனை நிகழ வேண்டும். தொலைவிலிருந்து பணியாற்றுவோர் தம் தொடர்பையே துண்டித்துக்கொள்ளும் இடர் இருப்பதால், உறுதிசெய்யாவிடில் பழைய அமைப்பிற்குத் தானே மீளும் வசதியைப் பயன்படுத்துதல் நன்று. ஜூனிப்பர் கருவிகளில் இதற்கான இயல்புநிலைக் காலம் 10 நிமிடங்கள்.

ஐபி முகவரியைக் கொண்டு எழுதப்பட்ட விதியைப் பிறிதொரு நிர்வாகி படித்தவுடன் அறிவார். 28ஆம் இடத்தில் சி6336401 என்னும் விதி தன் நோக்கத்தைத் தானே கூறுவதில்லை. நுழைவாயிலின் முகவரி ஒருநாள் மாற்றப்பட்டால், இவ்விதி எவ்வகை எச்சரிக்கையும் இன்றிப் பயனற்றதாகிவிடும். ஒவ்வொரு விதியோடும் அதன் நோக்கம், கணக்கிட்ட முறை, எந்தக் குறிச்சீட்டு நிலைக்கு உரியது, எப்போது நீக்கத்தக்கது ஆகியவற்றைப் பதிவு செய்தல் பாதுகாப்பின் ஒரு பகுதியே.

10. முடிவுரை

பயனர் வரையறை விதிகள் உற்பத்தியாளர் முன்கூட்டி எண்ணிப்பாராத தேவைகளைச் சுவிட்சின் முழு வேகத்தில் நிறைவேற்றும் ஆற்றல் உடையவை. ஏஆர்பி போன்று புலங்கள் நிலையான இடத்தில் அமைந்த நெறிமுறைகளில் அவை உறுதியாகச் செயற்படுகின்றன. தலைப்பின் நீளம் மாறுமிடத்தில் துணை விதிகளால் தாங்கப்பட வேண்டியவையாகின்றன. தலைப்புச் சங்கிலி நீளுமிடத்திலும், உள்ளடக்கம் மறையாக்கம் செய்யப்பட்ட இடத்திலும், ஒரு செய்தி பல பொதிகளில் பிரிந்து வரும் இடத்திலும் அவற்றை நம்பியிருத்தல் பொருந்தாது.

வழக்கமான விதியில் ‘அனுப்புநர் முகவரி’ என்று எழுதும்போது அப்புலம் எங்குள்ளது என்பதைக் கண்டறியும் பொறுப்பு சுவிட்சினுடையது. பயனர் வரையறை விதியில் அப்பொறுப்பு நிர்வாகியிடம் மாறுகின்றது. சுவிட்ச் எண்களை ஒப்பிடுவதோடு நின்றுவிடுகின்றது. ஆகவே, உற்பத்தியாளர் வழங்கும் தனி வசதி இருக்குமிடத்தில் அதனையே முதலில் தேர்ந்து, அஃது இல்லாத இடத்தில் மட்டும் இவ்விதிகளை, தெளிவான கணக்கீட்டோடும் இருவகைச் சோதனையோடும் கையாளுதல் தகும்.